ஓணானின் சூட்டுக் கணக்கு

திருகோணமலையில் ஓணானைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு விஞ்ஞானம் வைத்திருப்பார்கள். அது குளிர் இரத்தப் பிராணி, உடம்பு எப்போதும் சில்லென்றுதான் இருக்கும் என்பார் ஒருவர். வெயில் என்றால் அதற்குக் கற்கண்டு, எவ்வளவு கூடினாலும் தாங்கும் என்பார் இன்னொருவர். மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கிறதே, சோம்பேறிப் பிறவி என்பது மூன்றாமவரின் தீர்ப்பு. கின்னியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள், விடுமுறை நாளில் பாலைவனத்தில் நடக்கப் போய், அரபியர் ‘ளப்’ என்று சொல்லும் பருத்த முள்வால் ஓணானைப் படமெடுத்து அனுப்பினால் இந்தப் பேச்சுகள் மறுபடியும் கிளம்பும். மூன்றுமே பிழை. அவற்றின் வேரில் இருப்பது ஒரே குழப்பம்: ஓர் உயிரின் உடம்பு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதையும், அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

இலங்கையில் பாலைவனம் கிடையாது. ஆனாலும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகலில் நிலாவெளி மணலில் செருப்பில்லாமல் நின்று பார்த்தவர்களுக்குப் பாலைவன ஓணானின் பிரச்சினை ஓரளவு விளங்கும். ஆகவே நம் ஊர் வேலியில் தொடங்கிப் பாலைவனம் வரை போகலாம்.

உடம்பு குளிர்ந்ததா?

முதலில் வெப்பமானி சொல்வதைக் கேட்போம். மனித உடலின் வெப்பநிலை 37 பாகை செல்சியஸ் அளவில் நிற்கிறது. வட அமெரிக்கப் பாலைவனங்களில் வாழும் பாலை இகுவானா என்ற ஓணான், வெயிலில் நடமாடும்போது தன் உடம்பை 40 பாகைக்கு மேல் வைத்திருக்கிறது. 42 பாகையிலும் சாவகாசமாகப் பூவும் இலையும் மேய்கிறது. நமக்கு 42 பாகை என்றால் உயிருக்குப் போராட்டம். அவ்வளவு தூரம் போகவேண்டாம்: கன்னியாப் பக்கத்துப் பற்றைக்காட்டில் இரை தேடி அலையும் உடும்பின் உடலும் அந்த நேரத்தில் 35 பாகையை ஒட்டியே இருக்கும். அதைத் தொட்டால் சில்லென்று இராது.

அதே உடும்பை விடியலுக்கு முன் பொந்துக்குள் அளந்தால் கதை வேறு. பொந்து எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ ஏறத்தாழ அவ்வளவு குளிர்ந்திருக்கும் அதன் உடம்பும். ஒரே விலங்கு, ஒரே இரத்தம். காலையில் நம்மைவிடக் குளிர்ச்சி. சில இனங்களில் நண்பகலில் நம்மைவிடச் சூடு. இதில் குளிர் இரத்தம் என்று எதைச் சொல்வது?

அறிவியலாளர்களும் நெடுங்காலம் இந்த விடயத்தில் மந்தமாகத்தான் இருந்தார்கள். ஊர்வன சூழலின் சூட்டுக்கேற்ப ஏறி இறங்கும் வெறும் சடங்கள் என்பதே பொது நம்பிக்கை. 1944இல் ரேமண்ட் கவுல்ஸ், சார்ள்ஸ் போகெர்ட் என்ற இரு அமெரிக்கர்கள் கலிபோர்னியாப் பாலைவன ஊர்வனவற்றை அளந்து எழுதிய ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது. சுற்றுப்புறம் எப்படி மாறினாலும், விழித்து நடமாடும் நேரத்தில் ஒவ்வோர் இனமும் தன் உடல் வெப்பத்தை ஒரு குறுகிய எல்லைக்குள் பிடித்து வைத்திருந்தது. கூடவே இன்னொன்றும் வெளிப்பட்டது: நிழலுக்குப் போகவிடாமல் வெயிலில் கட்டிப்போட்டால், பாலைவனத்திலேயே பிறந்து வளர்ந்த ஊர்வனவும் சிறிது நேரத்தில் செத்துப்போயின. வெயில் கற்கண்டு என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது.

ஜெனரேட்டர் வீடும் சோலர் வீடும்

சூடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் உண்மையான வேறுபாடு. 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் ஜெனரேட்டர். பக்கத்து வீட்டில் கூரைமேல் சோலர் தகடு மட்டும், பற்றரி இல்லை. ஜெனரேட்டர் வீட்டில் இரவும் பகலும் ஒரே மாதிரி வெளிச்சம். ஆனால் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். வீட்டில் யாரும் விழித்திராத நேரத்திலும் அது எரிந்துகொண்டே இருக்கும். எண்ணெய்க்கு வரிசையில் நிற்பதே பாதி வாழ்க்கையாகிவிடும். சோலர் வீட்டுக்குப் பகலில் எல்லாம் கிடைக்கும், செலவும் சொற்பம். பொழுது சாய்ந்தால் படுத்துவிட வேண்டியதுதான்.

நாம் ஜெனரேட்டர் வீடு. உண்ணும் உணவை எரித்து, உடம்புக்குள்ளேயே சூட்டை உண்டாக்கிக்கொள்கிறோம். இத்தகைய விலங்குகளுக்கு அகவெப்ப உயிரிகள் என்று பெயர். பாலூட்டிகளும் பறவைகளும் இந்த வகை. ஓணான், உடும்பு, பல்லி, அரணை, பாம்பு, ஆமை எல்லாம் சூட்டுக்கு வெளியுலகை நம்புகின்றன. இவை புறவெப்ப உயிரிகள்.

சாப்பாட்டுக் கணக்கில்தான் இதன் பலன் தெரியும். ஒரே எடையுள்ள எலியையும் ஓணானையும் எடுத்துக்கொண்டால், சும்மா இருப்பதற்கு எலிக்குத் தேவைப்படும் சக்தியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஓணானுக்குப் போதும். நாம் ஒரு நாளில் எரிக்கும் சக்தியில் பாதிக்கு மேல், கையைக் காலை ஆட்டாமல் கட்டிலில் கிடந்தாலும் செலவாகிவிடும். ஒரு பெரிய இரையை விழுங்கிய மலைப்பாம்பு வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், அடுத்த வேளையைப் பற்றிக் கவலைப்படாமல் கிடக்கும். பாலைவனம் போன்ற பஞ்சப் பூமியில் ஓணான் வகைகள் கொழித்து வாழ்வதற்கு இதுவே முதற்காரணம். அங்கே எப்போதும் தட்டுப்பாடு எண்ணெய்க்குத்தான், வெயிலுக்கு அல்ல.

ஆனால் இந்த ஒப்புமையை ஒரு கட்டத்தில் கைவிடவேண்டும். சோலர் தகடு கூரையில் ஆணியடித்தபடி கிடக்கும். ஓணானோ நாள் முழுக்க இடம் மாறி, திசை மாறி, உடம்பின் வடிவத்தையும் நிறத்தையும்கூட மாற்றித் தனக்கு வேண்டிய சூட்டை எடுத்துக்கொள்கிறது, போதுமென்றால் மறுத்துவிடுகிறது. அந்த வேலையைத்தான் நாம் சோம்பல் என்று சொல்கிறோம்.

இதுவரை சொன்னது: ஓணானின் உடம்பு எப்போதும் குளிர்ந்திருப்பதில்லை. அதன் சூடு வெளியிலிருந்து வருகிறது. அதனால் செலவு குறைவு. ஆனால் அந்தச் சூட்டைத் தானே தேடிச் சேர்க்கவேண்டும்.

கிளுவை வேலியில் ஒரு காலை

காலை ஏழு மணிவாக்கில் ஒரு கிளுவை வேலியை நின்று பாருங்கள். கதிகாலின் உச்சியில் ஓணான் இருக்கும். வழக்கத்தைவிடக் கருத்த நிறம். முதுகையும் விலாவையும் சூரியனுக்கு நேராகத் திருப்பி, விலா எலும்புகளை விரித்து உடம்பைப் பலகைபோலத் தட்டையாக்கி வைத்திருக்கும். கருமை வெயிலைக் கூடுதலாக உறிஞ்சும். தட்டையான உடம்பு கூடுதல் வெயிலைப் பிடிக்கும். இப்படி ஒரு பொருளைத் தொடாமலே தொலைவிலிருந்து வரும் சூட்டுக்குக் கதிர்வீச்சு என்று பெயர்.

எட்டரை, ஒன்பது மணிக்கு மீண்டும் பார்த்தால் நிறம் வெளுத்திருக்கும், உடம்பு பழைய வடிவத்துக்கு வந்திருக்கும். இப்போது முகத்தைச் சூரியனுக்கு நேராக வைத்து நிற்கும். அப்போது வெயில் விழும் பரப்பு மிகக் குறைவு. இன்னும் சூடேறினால் இலை நிழலுக்குள் போகும், உடம்பு தணிந்ததும் திரும்பி வரும். வெயில், நிழல், வெயில், நிழல் என்று நடக்கும் இந்தப் போக்குவரத்துதான் அதன் உடல் வெப்பத்தை ஒரே அளவில் வைத்திருக்கிறது. நமக்கு வியர்வைச் சுரப்பி செய்யும் வேலையை ஓணானுக்குக் கால்கள் செய்கின்றன, அதற்கு வியர்க்காது.

சூடு வர வேறு இரு வழிகளும் உண்டு. சூடான பொருளைத் தொடுவதால் வருவது கடத்தல். மாலையில் வெயில் இறங்கிய பிறகும் தார் றோட்டில் பாம்புகள் வந்து படுப்பது இதற்காகத்தான். பாவம், பல அங்கேயே நசுங்கிப் போகின்றன. காற்றோ நீரோ அசைந்து சூட்டைக் கொண்டுவருவதும் கொண்டுபோவதும் மேற்காவுகை. திருகோணமலையின் சுவாமிமலை உச்சியில் கடற்காற்று வீசும்போது அதே வெயில் நமக்கு உறைக்காமல் இருக்கிறதல்லவா, ஓணானுக்கும் அப்படித்தான்.

உடம்பின் பருமனும் கணக்கில் சேரும். விரல் பருமனுள்ள அரணை சில நிமிடங்களில் சூடேறும், அதே வேகத்தில் ஆறும். ஆள் பாதி நீளமுள்ள நீர் உடும்பான கபரகொய்யா மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். அரணை அடிக்கடி வெளியே வந்து உள்ளே ஓடுவதும், கபரகொய்யா குளக்கட்டில் நெடுநேரம் நீட்டி நிமிர்ந்து படுப்பதும் இதனால்தான்.

இடையில் ஒரு சொல். அந்த வேலியில் கழுத்தும் தலையும் சிவந்து நிற்கும் ஓணான் யாருடைய இரத்தத்தையும் உறிஞ்சவில்லை. இணை தேடும் காலத்தில் ஆண் போட்டுக்கொள்ளும் மாப்பிள்ளைக் கோலம் அது. இந்தக் கட்டுக்கதையின் பெயரால் நம் ஊர்ப் பையன்கள் எறிந்த கற்களுக்குக் கணக்கில்லை.

சூடு எதற்கு?

உடம்புக்குள் நடப்பதெல்லாம் வேதியியல் மாற்றங்களே: உணவு செரிப்பது, தசை சுருங்குவது, நரம்பு செய்தி கடத்துவது எல்லாம். இவற்றை விரைவுபடுத்தும் புரதப் பொருட்கள் நொதியங்கள் எனப்படும். பொதுவாக வெப்பம் 10 பாகை கூடினால் இந்த மாற்றங்களின் வேகம் இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. ஆகவே 25 பாகையில் இருக்கும் ஓணானும் 35 பாகையில் இருக்கும் ஓணானும் உருவத்தில் ஒன்று, வேகத்தில் வேறு. முதலாவது காலை இழுத்து இழுத்து வைக்கும். இரண்டாவது கண்மூடித் திறப்பதற்குள் வேலிக்கு அப்பால் போய்விடும்.

அதற்காக ஏற ஏற நல்லதென்று எண்ணிவிடக்கூடாது. ஒரு எல்லை தாண்டினால் நொதியங்கள் உருக்குலையும், நரம்புகள் தடுமாறும், ஓணான் கவிழ்ந்து விழும். வில்லங்கம் என்னவென்றால், அது விரும்பும் வெப்பத்துக்கும் அதைக் கொல்லும் வெப்பத்துக்கும் இடையில் சில பாகைகளே இருக்கின்றன. பாலை இகுவானாவுக்கு அந்த மேல் எல்லை 47 பாகையை நெருங்கி வரும். அதற்கு 42 பிடிக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் எவ்வளவு மெல்லிய வரப்பில் அது நடக்கிறதென்று தெரியும்.

சூட்டின் இன்னொரு பயனை 1975இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பாலை இகுவானாக்களுக்கு நோய்க்கிருமியை ஏற்றி, வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தார்கள். சூடான இடத்தில் இருந்தவை கூடுதலாகப் பிழைத்தன. குளிர்ந்த இடத்தில் இருந்தவை கூடுதலாகச் செத்தன. முந்திய ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில் விருப்பப்படி இடம் மாற விட்டபோது, நோயுற்றவை தாங்களாகவே வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப் போயின. அதாவது ஓணானுக்கும் காய்ச்சல் உண்டு. நமக்கு அது உள்ளே மூள்கிறது. ஓணான் நடந்துபோய் எடுத்துக்கொள்கிறது. குட்டிச்சுவரில் வழக்கத்துக்கு மாறாக வெயிலிலேயே கிடக்கும் ஓணானைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் இந்த ஆய்வுகள்தான் ஞாபகம் வருகின்றன.

இந்தப் பகுதியின் சாரம்: சூடு இருந்தால்தான் ஓணானால் ஓடவும், செரிக்கவும், நோயை எதிர்க்கவும் முடியும். சூடு மிஞ்சினால் அதுவே எமன்.

பாலைவனத்தில் நடப்பது

இப்போது வளைகுடாப் படத்தில் இருக்கும் முள்வால் ஓணானைப் பார்க்கலாம். எகிப்திய முள்வால் ஓணான் 70 சென்றிமீற்றர் அளவுக்கு வளரும். உருவத்தைப் பார்த்து உடும்பு என்று நினைக்கிறவர்கள் பலர். உடும்பு ஊன் தின்னும். இது பெரும்பாலும் இலை தழை மேயும் சாதுவான பிராணி. காலையில் பொந்திலிருந்து வரும்போது கருஞ்சாம்பல் நிறம். உடம்பு சூடேறியதும் மஞ்சளாக வெளுத்துவிடும். கிளுவை வேலியில் பார்த்த அதே வித்தைதான், அளவு பெரிது.

பாலைவன நண்பகலில் மணலின் மேற்பரப்பு 60 பாகையைத் தாண்டும். எந்த ஓணானாலும் அதில் நின்று தாக்குப்பிடிக்க முடியாது. அங்கே நாள் முழுக்கக் கேள்வி ஒன்றுதான்: இந்தச் சூட்டிலிருந்து எப்படித் தப்புவது? முள்வால் ஓணான் பல மீற்றர் நீளத்துக்கு வளை தோண்டி வைத்திருக்கிறது. மண்ணுக்குள் கொஞ்ச ஆழம் போனாலே பகலின் அனல் எட்டாது. பாலை இகுவானா செடியின் கிளையில் ஏறிக்கொள்ளும். தரையை விட்டு ஓரடி மேலே போனாலே காற்று பல பாகை தணிவாக இருக்கும். தென்மேற்கு ஆபிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் ஒரு சிறு மணல் பல்லி, எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு கால்களை மட்டும் ஊன்றி மற்ற இரண்டையும் தூக்கி, பிறகு மாற்றி ஊன்றி நின்ற இடத்திலேயே கூத்தாடும். அதுவும் முடியாமற்போனால் மணலுக்குள் முங்கிவிடும்.

ஒளிந்திருக்கும் நேரம் பட்டினி நேரம். இதை மறந்துவிட்டுத்தான், ‘உலகம் சூடாவது ஓணானுக்கு நல்லதுதானே’ என்று சிலர் கேட்கிறார்கள். 2010இல் வெளியான ஆய்வொன்றில், மெக்சிக்கோவில் முள்ஓணான் இனங்கள் முன்பு பதிவாகியிருந்த 200 இடங்களை மறுபடி பார்த்தபோது, 1975க்குப் பின் அவற்றில் 12 சதவீதமானவற்றில் அவை அடியோடு மறைந்துபோயிருந்தன. வெயிலில் கருகிச் சாகவில்லை. முட்டைக்கும் குட்டிக்கும் சத்துச் சேர்க்கவேண்டிய மாதங்களில் வெயில் முந்தி ஏறியது, நிழலில் முடங்கும் மணிகள் கூடின, இரை தேடும் மணிகள் போதாமற்போயின.

கோடு அவ்வளவு நேரானதல்ல

அகவெப்பம், புறவெப்பம் என்று இரண்டு பெட்டி போட்டாலும் இயற்கை அதற்குள் ஒழுங்காக அடங்குவதில்லை. தென் அமெரிக்காவின் தேகு என்ற பெரிய பல்லியினம் இனப்பெருக்க காலத்தில் மட்டும் உடம்புக்குள் சூடு உண்டாக்கி, தன் வளையைவிட 10 பாகை வரை சூடாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆழ்கடலில் திரியும் தோணியாமை குளிர்ந்த நீரிலும் உடம்பைச் சூடாக வைத்திருக்கும். சில சின்னஞ்சிறு பறவைகள் இரவில் தங்கள் சூட்டை இறக்கிவிட்டு விறைத்துத் தூங்கும். இவை விதிவிலக்குகள் என்று தெரிந்துகொண்டால் இப்போதைக்குப் போதும்.

வழியில் எதிர்ப்பட்டால்

திரியாய் மலைப் படிகளிலோ, குச்சவெளிப் பக்கத்துப் பாறைகளிலோ, துபாய்க்கு வெளியே மணல்மேட்டிலோ ஓர் ஓணான் எதிர்ப்பட்டால் முதலில் நேரத்தைப் பாருங்கள். விடியற்காலையில் கருத்துத் தட்டையாகக் கிடப்பது இன்னும் சூடேறாத ஓணான். ஓட அதற்குத் தெம்பில்லை. சில ஓணான் இனங்கள் இந்த நிலையில் ஓடுவதற்குப் பதிலாக வாயைப் பிளந்து பாய்ந்து மிரட்டும். அது வீரமுமல்ல, வெறியுமல்ல. கால் வராததால் வாய் வருகிறது. வெயில் ஏறியபின் நிழலில் வாயைத் திறந்து மூச்சிரைப்பது மிதமிஞ்சிச் சூடேறியது. அதை அந்த நிழலிலிருந்து விரட்டினால் கொதிக்கும் மணலுக்குத்தான் துரத்துகிறீர்கள்.

துரத்திப் பார்ப்பது என்பது எப்போதுமே வேண்டாத வேலை. ஓணானால் மின்னலாக ஓட முடியும், ஆனால் கொஞ்சத் தூரம்தான். நம்மைப்போல மூச்சைப் பிடித்து நெடுநேரம் ஓடும் தசை அதற்கில்லை. இரண்டு மூன்று தடவை விரட்டினால் களைத்துப் படுத்துவிடும், தெளிய நெடுநேரமாகும். அந்த நேரத்தில் பருந்தோ நாயோ வந்தால் கதை முடிந்தது.

கையில் தூக்குவது பற்றிப் பெரியவர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்: வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. அரணை தீண்டினால் மரணம் என்பது பொய், அரணைக்கு நஞ்சில்லை. ஆனால் உடும்பும் கபரகொய்யாவும் ஆழமாகக் கடிக்கும், வாலால் சாட்டைபோல வீசும். கடிபட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி வைத்தியசாலைக்குப் போகவேண்டும். முள்வால் ஓணானின் வால் அடியும் சாமானியமல்ல. அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிக்கோவிலும் நடப்பவர்கள் கீலா என்ற தடித்த, கறுப்பும் செம்மஞ்சளுமான பல்லியினத்தை அறிந்திருக்கவேண்டும். அதற்கு உண்மையிலேயே நஞ்சுண்டு; மெதுவாக நகரும் பிராணி, கையை நீட்டாதவரை கடிக்க வராது. இலங்கையில் உடும்பைப் பிடிப்பதும் கொல்வதும் வனசீவராசிகள் சட்டப்படி குற்றம். இறைச்சிக்கு மருந்துக் குணம் உண்டு என்று யாராவது சொன்னாலும் குற்றம் குற்றமே.

படம் எடுக்க விரும்புகிறவர்கள் மூன்று நான்கு மீற்றர் தள்ளி நின்றால் போதும். இன்றைய கைத்தொலைபேசிகள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். நிற்கும் பக்கத்தில்தான் கவனம் வேண்டும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் படம் நன்றாக விழும் என்று கிழக்குப் பக்கமாகப் போய் நிற்பார்கள். காலை நேரத்து நீண்ட நிழல் நேராக ஓணான்மேல் போய் விழும். சூரியனைத் தோளுக்குப் பக்கவாட்டில் வைத்து நின்றால் நிழல் விலகிப் போகும். விலா எலும்புகளின் மேடுபள்ளம்கூடப் படத்தில் தெளிவாகத் தெரியும்.